ஊரிலிருக்கும் கணினிக்குள் இங்கிருந்து நுழைய முடியவில்லை: எது எங்கே தடுக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கோவில்பட்டியில், நீங்கள் பெங்களூரில். பழைய டிஎஸ்எல் பிராட்பேண்டும் விண்டோஸ் 7 புரொஃபஷனல் கணினியும் இருந்தவரை, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை, திறந்துவைத்து விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நேராக உள்ளே போய் வந்தீர்கள். இப்போது ஃபைபர் இணைப்பு, புது விண்டோஸ் 11 ஹோம் கணினி. ரிமோட் டெஸ்க்டாப் அசையவே இல்லை. விண்டோஸோடு வரும் உதவி மென்பொருளான குயிக் அசிஸ்ட் இணைகிறது, ஆனால் பிரிண்டர் மென்பொருளை நிறுவப் போனால் உங்கள் பக்கம் திரை கறுத்துப்போகிறது. தூரத்துக் கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருளான எனிடெஸ்க் நன்றாக ஆரம்பித்துச் சில நிமிடங்களில் அறுந்துவிடுகிறது. திருநெல்வேலியில் அக்கா வீட்டுப் பழைய கணினியிலோ எனிடெஸ்க் ஒவ்வொரு கணினிக்கும் தரும் அடையாள எண்ணே வருவதில்லை. இரண்டு பக்கமும் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தாயிற்று. எந்த செட்டிங் தப்பு என்று கேட்கிறீர்கள்.

இவை நான்கும் நான்கு தனித்தனிக் கோளாறுகள். ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால் ஒன்றுபோலத் தெரிகின்றன. சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டுக் கணினிகள். அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், முதல் இரண்டுக்கும் காரணத்தை அடித்துச் சொல்லலாம். மூன்றாவதற்கு நான் சொல்வது ஊகம். நான்காவதில் எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான். அதற்கு முன்னால், அணைத்துவைத்த ஃபயர்வாலை இரண்டு பக்கமும் இப்போதே திரும்பப் போட்டுவிடுங்கள். உங்கள் நான்கு தொல்லைகளில் ஒன்றுக்கும் அது காரணமாகத் தெரியவில்லை.

ரிமோட் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இன்னொரு கணினிக்குப் போகும் வசதி உண்டு. வருகிறவரை ஏற்கும் வசதி கிடையாது. அதற்குப் புரொ பதிப்பு வேண்டும். அப்பாவின் பழைய கணினி புரொஃபஷனல் என்பதால் ஓடியது, புதியது ஹோம் என்பதால் ஓடாது. ரவுட்டரில் என்ன செய்தாலும் இது மாறாது. ஹோம் பதிப்பிலேயே அந்தக் கதவைத் திறந்துவிடும் குறுக்குவழி மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தால் உடைந்துபோகும் சங்கதி அது. வைரஸ் தடுப்பும் அதைப் பிடித்துத் தூக்கிப்போடும். பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

சரி, காசு கொடுத்துப் புரொவுக்கு மாற்றினாலும் வேலை செய்யுமா? அநேகமாகச் செய்யாது. இணையத்தில் இணைப்புகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏப்னிக் அமைப்பு, 2011 ஏப்ரலில் தன் கடைசிப் பெரிய தொகுதியைத் தொட்டுவிட்டது. அதற்கப்புறம் புதுப் புது வாடிக்கையாளர்களைச் சேர்த்த நிறுவனங்கள், ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கத் தொடங்கின. இதை சிஜிநேட் என்பார்கள். ஒரு பெரிய அடுக்குமாடிக்கு வாசல் கதவு ஒன்றுதான், வாட்ச்மேனிடம் வீட்டு எண்களின் பட்டியல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருப்பவர் வெளியே போய் வரலாம். வெளியிலிருந்து வருகிறவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. உங்கள் வீட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திறப்பது வீட்டுக் கதவைத் திறந்துவைப்பது மட்டும்தான்.

உங்கள் அப்பா வீட்டு இணைப்பும் அப்படித்தானா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் பார்ப்பது எளிது. அப்பா தன் செல்போனை வீட்டு வைஃபையில் வைத்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரௌசரில் திறக்கட்டும். உள்ளே போனதும் வேன் ஐபி (WAN IP) என்று, ரவுட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த முகவரி இருக்கும். அதை வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதே வைஃபையில் இருந்துகொண்டே, நம் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தையும் திறந்து படம் எடுக்கட்டும். இரண்டும் ஒன்றானால் சிஜிநேட் இல்லை. வெவ்வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரை உள்ள வரிசையில் இருந்தால், சந்தேகமே வேண்டாம். அந்த வரிசை இதற்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும் அது பொது முகவரி அல்ல. நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கலாம். ஆனால் வீட்டில் போய் ஒரு பிரிண்டரைச் சரிசெய்ய அது தேவையில்லை என்பது என் கருத்து.

அது மட்டுமல்ல. பொது முகவரியே கிடைத்தாலும் 3389-ஐ இணையத்தை நோக்கித் திறக்காதீர்கள். அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது பாதிக்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7-உம் ஒன்று. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகக்கூடிய ஓட்டை அது. உங்கள் பழைய ஏற்பாடு அந்தக் காலத்தில் திறந்திருந்தது என்றால் உங்களுக்கு யோகம் இருந்திருக்கிறது. இன்னொரு விஷயத்தையும் யாரும் சொல்வதில்லை: சாதாரண விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் நுழைந்தால் அங்கே அப்பாவின் திரை பூட்டிக்கொள்ளும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவரால் பார்க்க முடியாது, அவர் என்ன தவறாக அழுத்துகிறார் என்று நீங்களும் பார்க்க முடியாது. நம் கணினியில் தூரத்திலிருந்து நாமே வேலை செய்யத்தான் அது நல்லது. அடுத்தவருக்கு உதவுவதற்குச் செய்யப்பட்டதே அல்ல.

குயிக் அசிஸ்ட், எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் வேறு வழியில் போகின்றன. இரண்டு கணினிகளும் தாங்களாகவே வெளியே கிளம்பி, நடுவில் உள்ள ஒரு சர்வரில் சந்திக்கின்றன. சில, அங்கே அறிமுகமானபின் நேரடிப் பாதை கிடைக்குமா என்று முயன்று பார்க்கும். கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் நடு சர்வர் வழியாகவே அனுப்பும். வெளியே போகும் இணைப்பு என்பதால் சிஜிநேட் இவற்றைத் தடுப்பதில்லை. குயிக் அசிஸ்ட் பயன்படுத்துவது 443 என்ற போர்ட், அதாவது வங்கித் தளத்தைத் திறக்கும்போது பயன்படும் அதே வழி. வீட்டு விண்டோஸின் ஃபயர்வால் இயல்பாக வெளியே போவதைத் தடுப்பதில்லை. அதனால்தான் அதை அணைத்தும் உங்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆகவே இத்தகைய மென்பொருள் மக்கர் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. எண்ணே வரவில்லையா, எண் வந்தும் அழைப்பு போய்ச் சேரவில்லையா, அல்லது திரை தெரிந்தபின் அறுகிறதா? மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

குயிக் அசிஸ்டில் திரை கறுப்பது கோளாறே இல்லை. ஒரு மென்பொருளை நிறுவும்போது, இது கணினியில் மாற்றம் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்வி வேறு மென்பொருள் எதுவும் எட்ட முடியாத தனித் திரையில் வரும், தூரத்திலிருந்து யாரோ தானே ஆம் என்று அழுத்திவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சமயத்தில் அப்பாவின் திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி நிற்கும். உங்களுக்கு வெறும் கறுப்பு. போனில் அவரை அந்தப் பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லி, பிறகு ஆம் என்பதை அழுத்தச் சொல்லுங்கள், திரை திரும்பி வரும். பெட்டி கடவுச்சொல் கேட்கிறது என்றால் அப்பாவின் கணக்கு சாதாரணக் கணக்கு, நிர்வாகியின் கடவுச்சொல்லை அவர்தான் அங்கே தட்ட வேண்டும். அந்தத் தனித் திரையையே நிறுத்திவிட ஒரு வழி இருக்கிறது, பலர் அதைச் சொல்வார்கள். செய்யாதீர்கள். எனிடெஸ்க்கை வெறுமனே இறக்கி ஓட்டாமல் முறையாக நிறுவிவிட்டால் அது அந்தப் பெட்டியையும் உங்களுக்குக் காட்டும். இறக்கியதை அப்படியே ஓட்டுகிறவர்களுக்குத்தான் அங்கேயும் இதே கறுப்பு வரும்.

எனிடெஸ்க் அறுவதற்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நிச்சயம் இல்லை, ஏனென்றால் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள். நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் அலுவலக லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். நிறுவன லேப்டாப்பில் அதை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும், கண்காணிப்பு மென்பொருள் ஓடும். ரிமோட் மென்பொருள்களை அவை துண்டிப்பது சகஜம், இடையிலேயே கூடத் துண்டிக்கும். தொழில்நுட்பம் ஒருபக்கம் இருக்கட்டும், அலுவலக லேப்டாப்பில் எனிடெஸ்க் ஓட்டியதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டு மெயில் அனுப்பினால் அப்பாவின் பிரிண்டர் என்று பதில் எழுத நன்றாக இருக்காது. சொந்தக் கணினி இல்லையா, உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே எனிடெஸ்க் போட்டு ஒரு தடவை அப்பாவின் கணினியைப் பாருங்கள். அது அறாமல் ஓடினால் குற்றவாளி லேப்டாப்.

போனிலும் அறுகிறது என்றால் கோளாறு அப்பாவின் வீட்டில். ஃபைபர்காரர் ரவுட்டரை வாசல் பக்கம் மாட்டிவிட்டுப் போயிருப்பார், கணினி உள்ளறையில் இருக்கும், நடுவில் பழைய காலத்துக் கனமான சுவர் இரண்டு. வாட்ஸப்பும் யூடியூபும் இதைச் சமாளித்துக்கொள்ளும், முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வதால். ரிமோட் திரை அப்படிச் சமாளிக்க முடியாது. சோதிக்க, இணைப்பு இருக்கும்போதே அந்தக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். இது இணையத்துக்கே போகாது, அறைக்கும் வாசலுக்கும் இடையே மட்டும் ஓடும். ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் ஒரே சீராகப் பதில் வந்தால் வைஃபை நன்றாயிருக்கிறது. திடீரென்று நூறு, இருநூறு என்று ஏறினாலோ இடையிடையே டைம்டு அவுட் என்று வந்தாலோ வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு நீள லேன் கேபிள் இழுத்தால் தீர்ந்தது. ரவுட்டரே மறுபடி மறுபடி தொடங்குகிறதா என்றும் அம்மாவிடம் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கண் சிமிட்டினால் யுபிஎஸ்ஸில் இருக்கும் கணினி பிழைத்துக்கொள்ளும், ரவுட்டர் அணைந்து எழுந்து மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, வாங்கிப் போடத் தகுந்த சாமான்.

மூன்றாவது ஒன்று உண்டு, அறுவது எப்போதும் ஒரே கால இடைவெளியில் நடந்தால். கணினி தூங்கப் போகும் நேரமாக அது இருக்கலாம். பவர் அமைப்பில், திரை அணைவதும் கணினி தூங்குவதும் இரண்டு தனித் தேர்வுகள், தூக்கத்தை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அல்லது, இலவசமாகத் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத் தரும் இந்த மென்பொருள்கள், நீங்கள் தொழில் ரீதியாகப் பயன்படுத்துவதாகச் சந்தேகப்பட்டு நேரத்தைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் திரையில் அறிவிப்பு வரும், அதை மூடுவதற்கு முன் படியுங்கள். அலுவலக லேப்டாப்பிலிருந்து இணைந்தால் இந்தச் சந்தேகம் எழ வாய்ப்பு கூடும்.

அக்கா வீட்டுக் கணினியில் எண்ணே வரவில்லை என்றால் அது நடு சர்வரையே போய்ச் சேரவில்லை. பிரௌசர் ஓடுகிறதா என்று கேட்டீர்களா? எல்லாத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது என்று அக்கா சொன்னால், திரையின் வலது மூலையில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசளவு பேட்டரி தீர்ந்துபோகும். நம் வீடுகளில் இரவு சுவிட்சையும் அணைத்துவிடும் நல்ல பழக்கம் உண்டு. அப்போது மின்சாரம் முழுக்க நின்று, கடிகாரம் அந்த பேட்டரியை மட்டுமே நம்பும், அதனால் அது சீக்கிரம் தீரும். மறுநாள் கணினி பல வருடம் பின்னால் போன தேதியோடு விழித்துக்கொள்ளும். பாதுகாப்பான இணைப்புகள் எல்லாம் சான்றிதழின் செல்லுபடியாகும் தேதியைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கின்றன, அந்தத் தேதிக்கு அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினால் உடனே எண் வரும், பேட்டரியை மாற்றினால் நிலைக்கும். விலை மிகக் குறைவு, எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். தேதி சரியாக இருந்தால் அடுத்து வைரஸ் தடுப்பைப் பாருங்கள். மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதால் சில வைரஸ் தடுப்புகள் இந்த மென்பொருளையே ஆபத்து என்று நிறுத்திவைக்கின்றன. பல வருடம் பழைய எனிடெஸ்க் என்றாலும் நீக்கிவிட்டு அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள். 2024 பிப்ரவரியில் தங்கள் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனமே அறிவித்து, மென்பொருளில் இடும் கையெழுத்துச் சான்றிதழையும் மாற்றியது.

மோசடி என்று சொன்னேன் அல்லவா, அப்பாவிடம் அதைப் பேசாமல் இந்த ஏற்பாட்டைச் செய்து வைக்காதீர்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கை போனில் இறக்கவைத்து யுபிஐ வழியாகப் பணம் எடுக்கும் தந்திரத்தைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட், தன்னுடைய குயிக் அசிஸ்டையே ஒரு கும்பல் அதே மாதிரி பயன்படுத்துவதாக எழுதியது. நீங்கள் அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு படியும், எண்ணைச் சொல்லுங்கள், அனுமதி கொடுங்கள், ஆம் அழுத்துங்கள் என்பது, அவர்கள் கேட்கும் அதே படிகள்தான். எங்கள் வீட்டு வழக்கம், உதவி கேட்கிறவர்தான் முதலில் போன் செய்ய வேண்டும், அதுவும் தன் போனில் சேமித்த எண்ணுக்கு. வங்கி, கேஸ், மின்வாரியம் என்று யார் தானாக அழைத்துச் சொன்னாலும் எண்ணைக் கொடுக்கக் கூடாது. கொடுத்து, பணமும் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் கணினித் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேலைகளுக்கு குயிக் அசிஸ்டை வைத்துக்கொள்வேன். அவருக்குக் கணக்கு எதுவும் வேண்டாம், உதவுகிற உங்களுக்குத்தான் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், ஒவ்வொரு தடவையும் புதுக் குறியீடு, அது சில நிமிடத்தில் காலாவதியாகும். பத்திரமானது. அவர் இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டிய வேலை நிஜமாகவே இருந்தால் மட்டும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவி, நீளமான பின் எண் வைத்து, அதற்குரிய கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுவிடுவேன். பழைய ரிமோட் டெஸ்க்டாப்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் புரொ பதிப்புக்கு மாறி, இரண்டு கணினியையும் ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளை இரண்டிலும் போடுங்கள், போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு குழப்பம் மட்டும் வரும்: அதுவும் கணினிகளுக்கு 100 என்று தொடங்கும் முகவரியைத்தான் தரும், அதே வரிசையிலிருந்து. அதைப் பார்த்துவிட்டு சிஜிநேட் என்று எண்ணிவிடாதீர்கள், ரவுட்டரின் பக்கத்தில் தெரிவதுதான் கணக்கு. ஆளில்லாமல் நுழைவதற்கு எதை வைத்தாலும், கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்படி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறதா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள். அதைத் தூரத்திலிருந்து செய்ய முடியாது.

தமிழில் தட்டச்சு செய்யும்போது எழுத்து தாறுமாறாக வருகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரண்டு கணினியிலும் தமிழ் விசைப்பலகை ஓடுகிறது. நீங்கள் தட்டுவது இரண்டு முறை மாற்றப்படுகிறது. உங்கள் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு அப்பாவின் கணினியில் மட்டும் தமிழை இயக்குங்கள். கடவுச்சொல் தவறு என்று திரும்பத் திரும்ப வந்தாலும் முதலில் இதையே பாருங்கள்.

பிரிண்டர் வேலையை இன்றே குயிக் அசிஸ்டில் முடித்துவிடலாம், அப்பா பெட்டியில் ஆம் அழுத்தத் தயாராக இருந்தால். எனிடெஸ்க்குக்கு, உங்கள் போனிலிருந்து இணைத்ததில் என்ன நடந்தது, ரவுட்டருக்கு ஓட்டிய பிங்கில் என்ன வந்தது, அறுவது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்ற மூன்றையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். வேன் ஐபியை முழுதாக எழுத வேண்டாம், முதல் இரண்டு எண்கள் போதும்.